ஜமீன் ஏன் காலைத் தொடவிடாது

கோரமண்டல், கோலார் தங்க வயல்,
1903ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 17ந் தேதி.

ரங்கூனில் இருக்கும் அன்பு மகள் லூயிசாவுக்கு, பெற்றவனுக்குப் பதிலாக வளர்த்தவனான உன் சித்தப்பா கொர்னேலியஸ் எழுதிக்கொள்வது.

இந்த வீட்டில் நடமாடும் பத்துக் கால்களும் ஆண்டவர் தயவால் இன்றைய தேதிவரை நடமாடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதில் இரண்டு என்னுடையவை, இரண்டு உன் சித்தி ஐடாவுடையவை, மழைக்காலம் வந்தால் அவளுடைய ஒரு முட்டிக்கும் மற்றதற்கும் பேச்சுவார்த்தை இல்லை, இரண்டு உன் அண்ணன் சுந்தரராஜுடையவை, மீதி நாலும் நம் கறுப்பு நாய் ஜமீனுடையவை. அங்கே உன் இரண்டும் மாப்பிள்ளை ஜெயகரனுடைய இரண்டும் கல்லில் இடறாமல் இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்தில் தவறாமல் கேட்கிறோம். இப்போது என் வலது கையை வேதப்புத்தகத்தின்மேல் வைத்திருக்கிறேன், இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவது எந்த மனுஷனும் நம்பமுடியாத கதை என்று சத்தியமாகச் சொல்கிறேன். கோலார் ஜில்லாவில் நம்பமாட்டார்கள், வட ஆற்காட்டில் சிரிப்பார்கள், கடல் தாண்டி ரங்கூனுக்கு வரும்போது கப்பல்காரனே தபால் மூட்டையைச் சந்தேகமாகப் பார்ப்பான். நீயும் நம்பவேண்டாம். நம்பாமல் கடைசிவரை படித்தால் போதும்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. அரிசி மில் காம்பவுண்டில் ஒரு செவலை நாய் உங்களோடு ஒட்டிக்கொண்டதாம், சோறு தின்கிறதாம், வாலாட்டுகிறதாம், சேற்றுக் காலைக் கழுவலாம் என்று கையை நீட்டினால் மட்டும் பல்லைக் காட்டுகிறதாம், மாப்பிள்ளை அதைத் தூணில் கட்டி வாயையும் கட்டிக் கழுவப்போகிறாராம். மாப்பிள்ளையிடம் என் வந்தனத்தைச் சொல்லி, கயிற்றைக் கீழே வைக்கச் சொல் அம்மா. வாசலில் ஈரச் சாக்கு ஒன்றை விரித்துப் போடு, அதுவே அதன்மேல் நடந்து துடைத்துக்கொள்ளும். அது படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார், கழுத்தைத் தடவு, தோளைத் தடவு, முழங்காலோடு நின்றுகொள், அதற்குக் கீழே போகாதே. எந்த நாய்க்கும் காலென்றால் கொஞ்சம் கூச்சம்தான். வம்பு வந்தால் ஓடுவதற்கு அது ஒன்றைத்தானே நம்பியிருக்கிறது, அதைப் பிடித்து என் கையில் கொடு என்றால் யார் கொடுப்பார்கள். தானாகக் கொடுக்கிற நாள் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் குற்றம் நாயினுடையது இல்லை. இதோடு நிறுத்தியிருந்தால் என் பாடு சுலபம். நீ கடைசி வரியில் கேட்டுவிட்டாய்: நம்ம ஜமீன் ஏன் சித்தப்பா காலைத் தொடவிடாது, சின்ன வயசில் கேட்டபோதெல்லாம் தடவைக்கு ஒன்றாகச் சொன்னீர்களே, அதில் எது நிஜம் என்று. ஒன்றும் நிஜமில்லை கண்ணு. காசிக்கு நடந்தே போய்வந்த நாய், உள்ளங்கால் தேய்ந்துவிட்டது என்று உனக்குப் பத்து வயசில் சொன்னேன். காலைக் கொடுத்தால் மேஸ்திரி அதை மசியில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றிக்கொள்வான், அப்புறம் ஆறு மாசத்துக்குக் குழியில் இறங்கிக் கல் சுமக்கவேண்டும், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நம் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்து அது உஷாராகிவிட்டது என்று பன்னிரண்டு வயசில் சொன்னேன். அதற்கு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே, முடிவு நல்ல முடிவுதான், இல்லாவிட்டால் இவ்வளவு சாவகாசமாக உன் சித்தியின் முட்டியைப் பற்றி எழுதுவேனா. உன் அண்ணன் சுந்தரராஜ் ஒரு வாரம் கோலார் ஜெயிலின் வாசற்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றான். அவன் வேலை செய்வது மில்லில் என்பது உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்காகச் சொல்கிறேன். கீழேயிருந்து வருகிற கல்லை இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் இடித்து மாவாக்கும். அந்த மாவைத் தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவார்கள். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். சனிக்கிழமைதோறும் உலக்கைகளை நிறுத்தி அதை வழித்தெடுப்பார்கள், வழிக்கிற நாலு பேரில் சுந்தரராஜ் ஒருத்தன். ஜூலை மாதத்தில் மூன்று சனிக்கிழமை தொடர்ந்து வழித்தது குறைந்தது. நாலு பேரையும் சோதனைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்த்தார்கள், தலைமயிரை உதறச் சொன்னார்கள், கோவணத்தை அவிழ்க்கச் சொன்னார்கள், காலைத் தூக்கச் சொல்லி ஒவ்வொரு விரலிடுக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். தினம் நடக்கிறதுதான், அந்த வாரம் தினம் மூன்று தடவை நடந்தது. ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் காவல் ஹவில்தார் பெருமாளுக்கு ஞானம் பிறந்தது.

பெருமாளின் மீசை மாப்பிள்ளைக்குத் தெரியாது. போன பங்குனியில் அதன் இடது முனையில் ஒரு தூக்கணாங்குருவி கூடு கட்டிவிட்டது, குஞ்சு பறக்கிறவரை அந்த மனுஷர் அந்தப் பக்கக் கன்னத்தைக் கழுவவில்லை. அப்பேர்ப்பட்ட மீசையை முறுக்கிக்கொண்டு அவர் சுரங்கத்தை மேற்பார்க்கும் கேப்டன் துரையிடம் போனார். தெனம் ஷிப்டு முடியிற நேரத்துல சுந்தரராஜோட கறுப்பு நாயி வேலிக்கு அடியில கீற சாக்கடை வழியா மில்லுக்குள்ள பூந்துகினு போவுது துரை, அரை மணி கழிச்சி வெளிய வருது, வந்து ஒக்காந்து காலை நக்கிகினே கீது, எவன் கிட்டப் போனாலும் காலை மட்டும் தொடவுட மாட்டேங்குது, இன்னாத்துக்கு, என்று கேட்டார். துரைக்கு முகம் மாறிவிட்டது. வேறு ஊராக இருந்தால் நாய்க்குக் காலில் புண் என்பார்கள், முள் என்பார்கள். இந்தத் தங்க வயலில் காலைக் காட்டமாட்டேன் என்கிறவனுக்கு ஒரே அர்த்தம்தான். விரலிடுக்கில் தங்கத்தை அப்பிக்கொண்டு வருகிறது, சுந்தரராஜ் பழக்கியிருக்கிறான் என்று அன்று சாயங்காலமே கூலி லைன் முழுக்கப் பேச்சு. பக்கத்துத் தட்டி வீட்டுத் தாயம்மா, எனக்கு அப்பவே தெரியும், நெருப்புக்கிட்டப் படுத்துகினு இருந்துச்சி, நெகமெல்லாம் மஞ்சளா மின்னுச்சி, நான்தான் இன்னாத்துக்கு வம்புன்னு வாயை மூடிகினேன் என்று வாயை மூடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ராபர்ட்சன்பேட்டைப் புதுக் கடைத்தெருவில் ஜனங்கள் தெருநாய்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கைகுலுக்க ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. கேப்டன் துரை தீர்ப்புச் சொன்னார்: சனிக்கிழமைக்குள் நாயின் நாலு காலையும் விரித்துப் பார்க்கவேண்டும், முடியாவிட்டால் சுட்டுவிட்டுப் பார்க்கவேண்டும், தங்கம் இருந்தால் சுந்தரராஜ் விலங்கோடு கோலார் கோர்ட்டுக்குப் போகவேண்டும். தங்கம் இல்லாவிட்டால் செத்த நாய்க்கு யார் உயிர் கொடுப்பது என்று கேட்டான் சுந்தரராஜ். அதைத் துரைக்கு மொழிபெயர்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

பெருமாளே முதலில் இறங்கினார். ஆட்டெலும்பை ஒரு கையில் நீட்டி, மறு கையை நைசாக முன்னங்காலுக்குக் கொண்டுபோனார். அடுத்த கணம் அவர் எவ்வளவு உயரம் குதித்தார் என்றால், தலைப்பாகை மேலேயே நின்றுவிட்டது, அவர் கீழே வந்து சேர்ந்து, எலும்பைத் தேடி, இல்லை என்று தெரிந்துகொண்டு, அண்ணாந்து பார்த்த பிறகுதான் அது இறங்கி வந்தது. அடுத்தது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். இதுக்கெல்லாம் சயின்ஸு வேணும்யா என்று சொல்லி அபினியைக் கறியில் உருட்டி வைத்தார். ஜமீன் கறியைத் தின்றுவிட்டு அபினியை மட்டும் வெற்றிலைச் சக்கையைப் போலத் துப்பியது. அதைத் தாயம்மாவின் சேவல் கொத்திவிட்டு மூன்று நாள் கூவவில்லை, நாலாம் நாள் சாயங்காலம் எழுந்து கூவியது, இன்றுவரை அதற்குப் பொழுது விடிவது சாயங்காலம்தான். பிறகு சாக்கு, பிறகு வலை, அதெல்லாம் எழுதினால் தபால் தலை போதாது. கடைசியில் சுந்தரராஜையே கூப்பிட்டு, உன் நாயை நீயே கட்டு என்றார்கள். என் கையால கட்டமாட்டேன் துரை, வேலை போனா போவுது, அதுக்கு வலிக்கிற எடத்தை நான் ஏன் தொடணும் என்று சொல்லிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்து, சித்தப்பா, நீங்க ஒரு தடவை புடிச்சுப் பாருங்களேன், உங்களை அது ஒரு நாளும் கடிச்சதில்லையே என்றான். கடித்ததில்லை என்பது சரி. நான் ஒரு பக்கம் உட்கார்ந்தால் அது எழுந்து மறு பக்கம் போய்விடும். பதினோரு வருஷமாக என் கையிலிருந்து ஒரு பருக்கை வாங்கியதில்லை. உன் சித்தி தட்டில் போட்டால் தின்னும், அதே தட்டை நான் நகர்த்தினால் பார்த்துக்கொண்டே இருக்கும். ஊருக்கெல்லாம் நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: ஜமீன் என்ற பட்டத்தைக் கொடுத்தவன் நான், பட்டம் கொடுத்தவனிடம் அது கைநீட்டிப் பிச்சை வாங்குமா. சுந்தரராஜிடமும் அதையே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

நம்பமுடியாத பகுதி இனிமேல்தான். அந்த மில்லின் கிழக்கு மூலை எதன்மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளையிடம் நீ சொல்லியிருப்பாயோ என்னவோ. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே மில் இல்லை, திறந்த குழி. உங்கம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள், உங்கப்பா ஏசுபாதம் அண்ணனும் நானும் ஒரே மேஸ்திரியிடம் அந்தக் குழியில் வேலை பார்த்தோம். ஒரு மத்தியானம் கரை சரிந்தது. நான் மேலே வந்தேன், அண்ணன் வரவில்லை. தோண்டத் தோண்டச் சரிந்துகொண்டே இருந்ததால் ஒன்பதாம் நாள் பாதிரியார் விளிம்பில் நின்று அடக்க ஜெபம் வாசித்தார், மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கப்பா பேர் எழுதிய கல் இருக்கிறது, உங்கப்பா இல்லை. நாலு வருஷம் கழித்து அந்த மண்மேல் மில் எழும்பியது. ஜமீன் சாக்கடை வழியாகப் புகுந்து போவது அந்த மூலைக்குத்தான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் இந்த வருஷம் ஒரு சொட்டு மழையில்லாத ஏப்ரல் மாதத்தில்கூட அது வீட்டுக்கு வரும்போது நாலு காலிலும் சாம்பல் நிறச் சேறு. நம் ஊரின் மேல்மண் சிவப்பு. சாம்பல் நிறம் ஆழத்திலிருந்து வருவது. மில் கசடுதான் சித்தப்பா, எல்லாம் ஒரே நிறந்தான் என்கிறான் சுந்தரராஜ். இருக்கலாம். வாசலை உன் சித்தி கழுவித் துடைப்பாள், காய்ந்ததும் அந்தத் தடம் மறுபடி எழும்பும், நாலு விரல், நாலு விரலாக, வாசலிலிருந்து அடுப்புவரை, அடுப்பிலிருந்து உங்கப்பாவின் மண்வெட்டி சார்த்தியிருக்கிற மூலைவரை. ஒரு நாள் காலையில் அந்த வரிசையின் பக்கத்தில் ஐந்து விரலோடு ஒரு தடம் இருந்தது. காலில்லை, கை. தரையில் ஊன்றி நகர்ந்த கை. உன் சித்தி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தண்ணீரை ஊற்றினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்து இன்றைக்கு வெயில் அதிகம் என்றேன்.

சனிக்கிழமை வந்தது. கேப்டன் துரை துப்பாக்கியோடு வந்தார், பெருமாள் ஒரு கோணிப்பையோடும் கம்பவுண்டர் ஒரு கத்தியோடும் வந்தார்கள், அந்தக் கத்தி எதற்கு என்று உன் அண்ணன் கேட்கவில்லை, ஆனால் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது எனக்கு வாய் வந்தது. துரை, சுடுவதற்கு முன்னால் அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றேன். துரை கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்றார். பத்து மணிக்கு உலக்கைகள் நின்றன. அந்த நிசப்தம் உனக்கு ஞாபகம் இருக்கும். இடியிலேயே தூங்கிப் பழகிய கைக்குழந்தைகள் எல்லா லைனிலும் வீறிட்டு அழும், புருஷனும் பெண்டாட்டியும் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவார்கள், பௌரிங்பேட்டை ஸ்டேஷனில் ஒருத்தன் தும்மினால் இங்கே பதில் சொல்லலாம். ஜமீன் காதை உயர்த்தியது. எங்கள் ஒருத்தரையும் பார்க்காமல் எழுந்து சாக்கடைக்குள் போயிற்று. நாங்கள் வாசல் வழியாக உள்ளே போனோம். ஆள் வருகை எழுதுகிற டைம் ஆபீசில் என் நாற்காலியிலிருந்து அந்த மில் அறுபது கஜம், குழி மூடிய பதினோரு வருஷத்தில் அன்றுதான் நான் முதல் தடவை அந்த மண்ணில் கால் வைத்தேன். கிழக்கு மூலையில், தகடுகளுக்குக் கீழே, பலகைத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. மூன்று தடவை பிராண்டும். நிறுத்தும். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன், மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தது. எழுந்து மறுபடி மூன்று தடவை. மறுபடி காதை வைக்கும். அப்போது பதில் வந்தது. நாய் இருந்த இடத்திலிருந்து இல்லை, அதற்குக் கீழேயிருந்து. மெதுவாக, சாவகாசமாக, மூன்று.

பெருமாளின் மீசை இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவினது போலத் தொங்கிவிட்டது. இன்னாய்யா இது, நாயி ஒண்ணுதானே கீது என்றார். எலி என்றார் கேப்டன் துரை. எலி மூணு வரைக்கும் எண்ணுமா துரை என்று கம்பவுண்டர் கேட்டார், சயின்ஸுக்காரர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு பெருமாள் நிற்கவில்லை, ஓடின ஓட்டத்தில் மாரிக்குப்பம் ரயிலை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டுத் தாண்டினார், நேற்றுதான் திரும்பி வந்தார். சுந்தரராஜ் என் கையைப் பிடித்தான். சித்தப்பா, உங்களுக்குக் கேட்டுச்சா என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். பலகையைக் கிளப்புங்கள் என்றார் துரை. நாலு பேர் கடப்பாரையோடு வந்து கிளப்பினார்கள். ஜமீன் உறுமிக்கொண்டு ஒதுங்கி நின்றது, காலையெல்லாம் வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு. கீழே அது தோண்டிவைத்த பள்ளம், ஒரு கை ஆழம். அந்தப் பள்ளத்தின் ஓரமெல்லாம் மழைக்குப் பிறகு சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற தண்ணீரைப் போல வெள்ளி வெள்ளியாக மின்னியது. பாதரசம். துரை முட்டி போட்டு மேலே பார்த்தார், தகடுகளின் பொருத்தில் ஒரு கீறல், நூல் நுழைகிற கீறல், அதன் வழியாக வாரக் கணக்கில் பாதரசமும் தங்கமும் ஒழுகி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த மண்ணை அள்ளிக் கழுவினார்கள், குறைந்ததெல்லாம் அங்கேயே இருந்தது. சுந்தரராஜின் பேரில் எழுதிய காகிதத்தைத் துரை அங்கேயே நாலாகக் கிழித்தார். பெரிய மனுஷத்தனமாகச் சிரித்துக்கொண்டு, நாய் பிராண்டிய இடத்தில் நாமும் தோண்டியிருந்தால் என்றைக்கோ கிடைத்திருக்கும், நாம் அல்லவா முட்டாள்கள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இந்த ஊரில் துரை சொல்லுகிற நகைச்சுவைக்கு நான் சிரிக்காமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். பிறகு பள்ளத்தை மூடிப் பலகையை அடித்துவிட்டார்கள். காலைப் பார்க்கவேண்டாமா என்று கம்பவுண்டர் கத்தியைக் காட்டிக் கேட்டதற்கு, நாயின் கால் நாய்க்கே சொந்தம் என்று துரை தீர்ப்பை மாற்றி எழுதினார்.

சுந்தரராஜ் திங்கட்கிழமையிலிருந்து அதே மில்லில் அதே வேலையில் இருக்கிறான், இது செய்தி, இதைக் கதையோடு சேர்த்துத் தள்ளிவிடாதே. துரை அவனுக்கு ஒரு படி உயர்த்திக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். கிழக்கு மூலையில் மட்டும் நிற்கமாட்டேன் என்று கேட்டுக்கொண்டான், சரி என்றார்களாம். பெருமாள் நேற்று ஒரு எலும்போடு வந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டு ஜமீனுக்குச் சலாம் போட்டுப் போனார். சாக்கடை வாயில் கம்பி அடித்துவிட்டார்கள், அதனால் ஜமீன் இப்போது ஷிப்டு முடிகிற நேரத்தில் வேலிக்கு வெளியே படுத்துக் காதைத் தரையில் வைத்துக்கொள்கிறது. வயசாகிவிட்டது, எழுந்திருக்கச் சிரமப்படுகிறது, நான் தூக்கிவிடப் போனால் தானே எழுந்துகொள்கிறது. சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியாக வருகிற மின்சார விளக்கு இப்போது மில்லில் எரிகிறது, உன் சித்தி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிசாசின் பல் போல இருக்கிறது என்று சொல்லி மண்ணெண்ணெய் விளக்குக்கே திரும்பிவிட்டாள். எலுமிச்சை ஊறுகாயும் உனக்கு ஒரு சேலையும் சென்னைப் பட்டணம் போகிற ஆள் கையில் கொடுத்திருக்கிறோம், ஜாடி வாயைக் கட்டின துணியை அவிழ்க்காமல் வருகிறதா என்று பார். அங்கே தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே. ஜுரம் என்றால் கொயினாவைத் துப்பாமல் விழுங்கு, ஜமீனைப் போலச் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்கிறாய் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், மழை ஒரு காரணமில்லை. உங்கள் இரண்டு பேரையும் கர்த்தர் தம் உள்ளங்கையில் வைத்துக் காப்பாராக, உன் மடி நிறையட்டும், உன் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும். பதில் எழுத மறக்காதே. எழுத மனமில்லாமல் போனாலும் இரண்டு வரி எழுது.

கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன், போடமுடியவில்லை. வலது கையை வேதப்புத்தகத்திலிருந்து எடுத்துப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். குருவிக் கூடு பொய். சேவல் பொய். வாசலில் பதிந்த ஐந்து விரல் என் கைச்சரக்கு. போன சனிக்கிழமை பலகைக்கு அடியில் வந்த பதிலும் துரை சொன்ன எலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். சுந்தரராஜின் செய்தி போக, இந்தக் கதையில் ஒரு சின்னப் பங்கு மட்டும் நிஜம், அது இந்த வருஷம் நடந்ததில்லை. கரை சரிந்த அன்று ஜமீன் ஆறு மாதக் குட்டி. அண்ணன் பின்னாலேயே திரிந்த குட்டி, சரிந்த மண்மேல் குதித்து ஒரே இடத்தில் பிராண்டிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். மறுபடி சரியுது, எல்லாரும் ஏறுங்கடா என்று மேஸ்திரி மேலேயிருந்து கத்தினான். கழுத்தைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. நாலு காலையும் சேர்த்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். நகங்கள் பிய்ந்திருந்தன, என் சட்டையெல்லாம் அதன் ரத்தம். அதனால்தான் அது காலைத் தொடவிடாது, என் கையிலிருந்து வாங்கவும் வாங்காது. ஏணியில் பாதி ஏறியபோது, லூயிசா, பிராண்டுகிற சத்தம் கீழே இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. நாயின் நாலு காலும் என் கைக்குள் இருந்தன.

உன் சித்தப்பா,
கொர்னேலியஸ்.